அம்மாவின் துணிப்போர்வை

குண்டசாலையில் நாம் வசிக்கும் வீட்டின் முன்விறாந்தையில் காலால் மிதித்து இயக்கும் பழைய சிங்கர் தையல் இயந்திரமொன்று இருக்கிறது. அதற்கு இரண்டு முழத் தூரத்தில் எனது சாய்மனைக் கதிரை. பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் எனது காலைப்பொழுது அந்தக் கதிரையிலும், துணைவியாரின் காலைப்பொழுது அந்த இயந்திரத்தின் முன்னாலும் கழிந்து வருகின்றன. நான் பத்திரிகையை வாசித்து முடிக்கும்வரையில் அவர் பொறுமையுடன் காத்திருப்பார். வாசித்து முடித்ததும் அது அவருக்குச் சொந்தமாகிவிடும்.

அவர் பத்திரிகை வாசிப்பவர் அல்லர். அதனை அறுகோணங்களாக வெட்டுபவர்.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதில் ஆங்கிலேயப் பெண்கள் கையாண்ட முறை ஒன்று உண்டு. முதலில் காகிதத்தில் ஒரே அளவான அறுகோணங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காகிதத்தின் மீதும் துணித்துண்டை வைத்து, ஓரங்களைப் பின்புறமாக மடித்துத் தற்காலிகத் தையல் போட வேண்டும். பின்னர் துண்டுகளை ஓரத்தோடு ஓரமாக நுண்ணிய தையலால் பொருத்தி, எல்லாம் பொருந்திய பிறகு காகிதங்களை உருவி எடுத்துவிட வேண்டும். தைத்து முடிக்கப்படாமல் கிடக்கும் பழைய போர்வைகளின் உள்ளே பழைய கடிதங்களும் கடைப் பற்றுச்சீட்டுகளும் பத்திரிகைத் துண்டுகளும் அப்படியே இருப்பதுண்டு. அவற்றிலுள்ள திகதிகளைக் கொண்டு போர்வையின் காலத்தைக் கணிக்கிறார்கள் அருங்காட்சியகத்தார்.

ஒருநாள் எனது பெயருடன் வெளியான பத்தி எழுத்தொன்று அறுகோணமாகி, பூப்போட்ட சீத்தைத் துணிக்குள் மடிந்திருப்பதைக் கண்டேன். சற்று மனத்தாங்கலுடன்தான் கேட்டேன்.

"அதுக்கென்னங்க, கடையில வடை சுத்துறதுக்குப் போறதைவிட இது பரவாயில்லைதானே" என்றார்.

நியாயமான பதில்தான். சொல்ல வந்த விடயம் அதுவன்று. எனினும் அதற்குள் செல்லுமுன் இந்தத் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் கொஞ்சம் கூறிவிடுகிறேன்.

எமது வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் பல்லேகலைக் கைத்தொழில் வலயம் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகள் உள்ள எந்த ஊரிலும் வெட்டுத்துண்டு வியாபாரமும் இருக்கும். மேலைநாட்டு அங்காடிகளுக்குச் செல்லும் சட்டையின் கை வெட்டியது போக எஞ்சிய வளைந்த துண்டு, கழுத்து வெட்டியது போக எஞ்சிய வட்டம் என யாவும் கிலோக் கணக்கில் விற்பனைக்கு வரும். துணைவியார் ஒரு பையை வாங்கி வந்து கூடத்தில் கொட்டுவார். முதல் வேலை, பருத்தி வேறு, செயற்கை இழை வேறு எனப் பிரிப்பது. இரண்டும் ஒரே போர்வையில் கலந்தால் முதற் சலவையிலேயே ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. போர்வை முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். அடுத்து எல்லாவற்றையும் நனைத்துச் சாயம் கழல்கிறதா என்று பார்ப்பது. சிவப்பை நம்பவே கூடாது என்பார். பிறகு இஸ்திரி போடுவது, நூலோட்டம் பார்த்து வெட்டுவது. நூலுக்குக் குறுக்காக வெட்டிய துண்டு தைக்கும்போது இழுபடும்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குப் பிடித்தமான கட்டம் வரும். வெட்டிய துண்டுகளைக் கட்டிலின் மீது பரப்பி வைத்துவிட்டு இரண்டு மூன்று நாட்கள் தைக்காமலே இருப்பார். போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். ஒரு நீலத்தை எடுத்து வேறிடத்தில் வைப்பார். அந்நாட்களில் எமக்குப் பாயில்தான் படுக்கை. மேல்துணி, நடுவில் பழைய படுக்கை விரிப்பு, கீழே அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்து ஊசி ஏறி இறங்கும் எளிய தையல் போடுவது கடைசி வேலை. அதனைக் கையால்தான் செய்கிறார். ஒரு போர்வைக்கு இரண்டு மாதங்கள் செல்லும். குண்டசாலை பள்ளத்தாக்கு ஊர். இங்கு யாருக்கும் கனத்த போர்வை தேவையில்லை. ஆகவே அவை கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் செல்கின்றன.

அவர் வழமையாகத் துண்டுகள் வாங்கிய கடையொன்று திகனையில் இருந்தது. முஸ்லிம் அன்பர் ஒருவருடையது. ஊதா நிறத் துண்டுகள் வந்தால் எடுத்து வைக்கும்படி துணைவியார் சொல்லியிருந்தார். 2018 மார்ச் மாதம் திகனையிலும் தெல்தெனியாவிலும் நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். எரிந்த கடைகளுள் அதுவும் ஒன்று. ஊரடங்கு தளர்ந்த பிறகு நாம் சென்றபோது அவர் கரிந்த இரும்பு அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, ஒங்க ஊதாத் துணி எடுத்துத்தான் வச்சிருந்தேன்" என்று அவர் சொன்னதும் துணைவியார் அழுதுவிட்டார். அவ்வாண்டு அவர் போர்வை எதுவும் தைக்கவில்லை.

வடிவங்களுக்காக அவர் வெகுதூரம் போவதில்லை. குண்டசாலைக்கு அண்மையில் ஹேனவல என்றொரு கிராமம் உண்டு. 'தும்பர ரட்டா கலால' எனப்படும் தும்பறைப் பாய்கள் நெய்யப்படுவது அங்குதான். 'ஹண' எனச் சிங்களத்தில் வழங்கும் தாவரத்தின் இலையைச் சுரண்டி நாரெடுத்து, சாயமிட்டுத் தறியில் நெய்கிறார்கள். யானை, மான், பறவை, பூங்கொடி எல்லாமே நேர்கோடுகளாலும் கட்டங்களாலும் ஆனவை. குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்தவன் 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன். கண்டியின் கடைசிச் சிங்கள மன்னன் அவனே. அக்காலக் கண்டி அரண்மனைக்குப் பாய் நெய்து கொடுத்த கின்னர சமூகத்தினரோ சாதியடுக்கில் மிகத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தனர். 2021 ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவர்களது கைவினையை மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. துணைவியார் அந்தப் பாய்களில் உள்ள மானைக் கட்டக் கொப்பியில் வரைந்துகொண்டு வந்து துணியில் தைத்தார். முதல் மான் ஆடு போலிருந்தது. இரண்டாவது பரவாயில்லை.

துண்டுத்துணி வடிவமைப்பில் இப்பகுதியினர் நாள்தோறும் காணும் மற்றொன்றும் இருக்கிறது. அது பிக்குகளின் சீவர ஆடை. மகத நாட்டு நெல்வயல்களை வரப்புகளோடும் பாத்திகளோடும் கண்ட புத்தர், அதுபோல ஆடையை அமைக்க முடியுமா என்று ஆனந்தரிடம் கேட்டதாகவும், அவர் அவ்வாறே துணிகளை வெட்டி இணைத்ததாகவும் விநய பிடகம் கூறுகிறது. துண்டு துண்டாக வெட்டிய துணியைத் திருடர்கள் விரும்பமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். மழைக்கால வாசம் முடிந்ததும் கடின பூஜைக்காக ஒரே நாளில் வெட்டித் தைத்துச் சாயமேற்ற வேண்டிய சீவரத்துக்கு 'கடின' என்ற பெயர் வந்ததே, தைக்கும்போது துணியை விரித்துக் கட்டும் மரச்சட்டத்திலிருந்துதான் என்பார்கள். பல்லாண்டுகளாகக் கண்டியில் பிக்குகளைப் பார்த்துவருகிறேன். அந்த ஆடை ஒட்டுத்துணி என்பதைத் துணைவியார் சுட்டிக்காட்டும்வரை நான் கவனித்ததில்லை. செய்தியாளனின் கண் அவ்வளவுதான்!

இனி எங்கள் அலுமாரியில் இருக்கும் மற்றைய போர்வைக்கு வருகிறேன். அதில் மானும் இல்லை, அறுகோணமும் இல்லை. அது எனது தாயார் தைத்தது.

நான் பிறந்தது பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில். அந்தக் குளிருக்குத் தோட்டம் கொடுத்தது கம்பளி. கொடுத்தது என்றால் இனாமாக அன்று; அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்படும். முரட்டுக் கம்பளி, உடம்பெல்லாம் குத்தும். மழையில் கொழுந்தெடுக்கும்போது தலையில் போட்டுக்கொண்டு போவதும் அதுவே, இரவில் போர்த்துவதும் அதுவே. நனைந்த நாளில் அது உலராது. அந்த இரவுகளுக்காகத்தான் லயத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக்கொண்டார்கள். துணிப்போர்வை என்பதைத் தவிர அதற்கு எங்கள் லயத்தில் வேறு பெயர் கிடையாது. வங்காளத்தில் இதனையே காந்தா என்கிறார்கள். அது சமஸ்கிருதச் சொல். எமது 'கந்தை'யும் அதன் உறவு. அங்கு அது கலை, இங்கு கிழிசல்!

அம்மாவிடம் இயந்திரம் இருக்கவில்லை. 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்ட சிங்கர் கம்பனியின் தவணை முறை எங்கள் லயத்து வாசலை எட்டவில்லை. ஊசியும் நூலும் விளக்கு வெளிச்சமுந்தான். உள்ளடுக்காகக் கோதுமை மா வந்த துணிச்சாக்கு. வெளுத்த பிறகும் ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரியும். மேலே சேலைகள், அப்பாவின் காற்சட்டை, கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கின் நல்ல பாகம், இன்னும் யார் யாருடையவோ உடுப்புகள். காம்பராச் சுவரில் குளிர் வராமலிருக்கப் பழைய பத்திரிகைகளை ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றது அந்தச் சுவரில்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். பருத்தித் தோட்டமொன்றில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். அங்கும் சுவர்களில் பத்திரிகைகள். அங்கும் வேலை உடுப்புகளால் தைத்த போர்வைகள். 2002 இல் அவை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயோர்க்கிலும் சுவரில் தொங்கவிடப்பட்டபோது விமர்சகர்கள் அவற்றை நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டு வியந்தார்கள். 2006 இல் முத்திரைகளிலும் வெளிவந்தன. ஜீஸ் பெண்ட் போர்வைகளுள் மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942 இல் தைத்த போர்வையும் உண்டு. கணவர் இறந்ததும் அவரது வேலை உடுப்புகளைக் கிழித்து, அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்காக அவர் தைத்தது அது. அந்தப் படத்தைத் துணைவியார் எனக்குக் காட்டியபோது முழங்கால் தேய்ந்த இடத்தின் வெளிறல்கூடத் தெரிந்தது. அம்மாவின் போர்வையிலும் அப்படியொரு வெளிறல் இருக்கிறது.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. எமது பெரியம்மா குடும்பம் 1971 இல் புறப்பட்டது. 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலையக மக்கள் பெயரிட்ட ரயிலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அப்போது நான் கண்டியில் ஒரு நாளிதழின் இளம் நிருபர். வழியனுப்பும் முதல்நாள் இரவு தோட்டத்துக்குப் போயிருந்தேன். குப்பி விளக்கின் அருகே அம்மா அந்தப் பெரிய துணிப்போர்வையை விரித்து வைத்துக் கத்தரியால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய ஓரங்களை மடித்துத் தைத்து ஒரு பாதியைப் பெரியம்மாவின் பெட்டியில் வைத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நான் பக்கத்திலிருந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தலவாக்கலை நிலையத்திலிருந்து நான் அனுப்பிய செய்தியில் எத்தனை குடும்பங்கள், எத்தனை பெட்டிகள், எந்தத் தொழிற்சங்கத் தலைவர் வந்திருந்தார் என்பன எல்லாம் இருந்தன. அந்தப் போர்வை இல்லை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

1983 ஜூலையில் கண்டியில் நாம் குடியிருந்த வாடகை வீடு எரிந்தபோது, அதுவரை சேகரித்து வைத்திருந்த எனது கட்டுரை நறுக்குகள் அனைத்தும் சாம்பலாகின. போர்வை அம்மாவுடன் தோட்டத்தில் இருந்ததனால் தப்பியது. அம்மா 1998 இல் எங்களுடன் இருந்தபோது காலமானார். எத்தனையோ பிரமுகர்களைப் பேட்டி கண்டவன் நான். இந்தத் துண்டு யாருடையது, இது எந்தச் சேலை என்று அவரிடம் ஒரு தடவையேனும் கேட்டதில்லை.

கடந்த ஆண்டு அந்தப் போர்வையின் ஓரம் நைந்துபோனதைக் கண்ட துணைவியார், அதனைச் செப்பனிடுவதற்காகக் கட்டிலில் விரித்தார். வழக்கம்போல் இரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் என்னை அழைத்தார்.

"ஏங்க, அத்தைக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாதா?"

"ஏன் கேட்கிறாய்?"

"நேரே வெட்டிக்கிட்டு வந்தவங்க இந்த இடத்துல மட்டும் வேணும்னே வளைச்சு வெட்டியிருக்காங்க. பாருங்க. நேரே வெட்டியிருந்தா இந்த மஞ்சத் துண்டு முழுசா நம்ம பக்கம் வந்திருக்கும்."

பார்த்தேன். சிறிய வெள்ளைப் பூக்கள் போட்ட மஞ்சள் துணி. உள்ளங்கை அளவுகூட இல்லை. வெட்டு அந்த இடத்தில் நான்கு விரலளவு விலகி, மஞ்சளின் நடுவாகச் சென்று மீண்டும் நேர்கோட்டுக்கு வந்திருந்தது. அடித்தையலைப் பிரித்தபோது அந்த மஞ்சள் துணியின் மற்றொரு துண்டு உள்ளே சாக்குத்துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அது வெட்டப்படாத ஒரு சிறு கை. குழந்தைச் சட்டையின் கை. இரண்டு விரல்களை நுழைத்தால் நிறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் நான்தான் மூத்த பிள்ளை. அப்படித்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நினைத்திருந்தேன்.

துணைவியார் படம் பிடித்துக் கோத்தகிரியிலுள்ள பெரியம்மாவின் மகளுக்குக் கைபேசியில் அனுப்பினார். அக்காவுக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. அன்று மாலையே அழைத்தார்.

"தம்பி, அந்த மஞ்சத் துணி எங்ககிட்டயும் பாதி இருக்கு. அது பாப்பா சட்டை. ஒனக்கு மூத்தவ. ரெண்டு வயசுல வயித்தால போயி செத்துப்போச்சு. நான்தான் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சின்னம்மா ஒங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுபதுகளில், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த 1973, 1974 ஆம் ஆண்டுகளில், தோட்டப்புறச் சிசு மரணங்களைப் பற்றி நான் தொடர் கட்டுரைகள் எழுதினேன். ஆயிரம் பிறப்புகளுக்கு இத்தனை என்ற கணக்கை அரச அறிக்கைகளிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு விடுமுறை நாளில் அந்தக் கட்டுரையை அவருக்கு நானே உரக்க வாசித்துக் காட்டினேன். கொழுந்துக் கூடையின் கயிற்றை முறுக்கியபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "சாப்பிட வா" என்று எழுந்து சென்றார். மகனின் எழுத்தில் அவருக்கு அக்கறையில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தையைப் புதைத்த இடம் எது என்று அக்காவிடம் கேட்டேன். பத்தாம் நம்பர் மலையின் அடிவாரம் என்றார். அதன் மேல் தேயிலை நட்டுப் பல காலமாயிற்று. பெயரையும் சொன்னார். அதனை இங்கு எழுதப்போவதில்லை. துணைவியார் அதனைப் போர்வையின் பின்பக்க மூலையில், ஒரு வெள்ளைத் துண்டில், சிவப்பு நூலால் தைத்திருக்கிறார். எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக் கொடுத்தது மாத்திரமே எனது பங்கு. சிறு கையை இருந்த இடத்திலேயே வைத்து மூடித் தைத்துவிட்டோம்.

அத்துடன் நில்லாமல், அக்காவிடம் இருக்கும் துண்டுகளைப் பற்றியும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். பச்சைக் கரை போட்டது அம்மாச்சியின் சேலை. காக்கி, கங்காணி வீட்டில் வேலை செய்த மாமாவின் சட்டை. சில துண்டுகளுக்கு அவருக்கும் விடை தெரியாது. சிலவற்றுக்கு வாரத்துக்கு ஒரு விடை சொல்கிறார். சிவந்த நிறத்திலுள்ள ஒன்றைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். இன்னும் இரண்டொரு வாரங்கள் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இரண்டு பாதிகளையும் ஒன்றாக்கித் தைத்துவிடலாமே என்று கனடாவிலிருக்கும் மகள் யோசனை சொன்னாள். எனக்கும் அந்த ஆசை வந்தது. அக்காவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார். கோத்தகிரியில் இப்போது நல்ல குளிராம். பேரனின் பிள்ளை அதைப் போர்த்தினால்தான் தூங்குகிறானாம்.